நிற்காமல் கந்தளாய் வரை

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வவுனியாவில் ஏறிய பஸ், பத்து மணியளவில் என்னைத் திருகோணமலையில் இறக்கியது. கட்டணம் 340 ரூபா. பையில் மாற்றுடுப்பு, ஷிபானாவுக்காக ஒரு பொதி எள்ளுருண்டை, ஒரு மீற்றர் நீளத்தில் கறுப்புப் பெற்றோல் குழாய், அதற்கான கிளிப்புகள். என்னோடு இறங்கிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிலாவெளிக்கு ஓட்டோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிண்ணியா பஸ்ஸைத் தேடிப் போனேன்.

ஷிபானாவும் நானும் இருபது வயதில் இதே திருகோணமலையில் ஒரே அறையில் தங்கிக் கணக்கியல் படித்தவர்கள். நான் வவுனியாவில் ஒரு உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறேன். அவள் கிண்ணியாவில் ஒரு மருந்தகத்தில் இருக்கிறாள். படுக்கையில் விழுந்த உம்மாவை அவள்தான் கடைசிவரை பார்த்தாள். கலியாணம் பேசி வந்தவர்களை எல்லாம் அதைச் சொல்லியே திருப்பி அனுப்பினாள். உம்மா மவுத்தாகி ஒரு வருடம் போனபின், தனக்கென்று முதன்முதலாக ஒரு பெரிய பொருள் வாங்கினாள். நாற்பது வயதைத் தாண்டிய ஜப்பான் மோட்டார் சைக்கிள்.

கிண்ணியாவில் பெண்கள் ஸ்கூட்டி ஓடுவது இப்போது புதினமில்லை. ஆனால் இது இரண்டு சிலிண்டர், இரண்டு காபரேட்டர் உள்ள கனமான வண்டி. ஓடினால் பரவாயில்லை. மூன்று கிலோமீற்றர் ஓடியதும் விக்கி விக்கி நின்றுவிடும். பத்து நிமிடம் சும்மா விட்டால் மறுபடி உயிர் வரும், மறுபடி நிற்கும். மூன்று கராஜ்கள் பார்த்தும் சரிவரவில்லை. ஒவ்வொரு முறையும் அவளுடைய மூத்த சகோதரர் ஜெமீல் காக்காதான் தன் சிறிய லொறியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

வண்டி நிற்பது காக்காவின் வீட்டு வளவில். அந்த இடத்தில் அவர் கடை கட்டப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கந்தளாயிலிருந்து பழைய வண்டி வாங்கும் ஒருவர் லொறியோடு வருவார், கழற்றித் துண்டு துண்டாக விற்பதற்கு. இதை ஷிபானா வியாழக்கிழமை தொலைபேசியில் சொன்னபோது அவள் குரல் தட்டையாக இருந்தது. பெற்றோல் குழாயை மாற்றிப் பார்த்தாயா என்று கேட்டேன். கையில் கிடைத்த தண்ணிக் குழாயைத்தான் ஒரு கராஜ்காரன் போட்டிருக்கிறான் என்றாள். அன்றே எங்கள் கடையில் ஒரு மீற்றர் வெட்டி எடுத்து வைத்தேன், 450 ரூபா.

சீனக்குடாவைத் தாண்டும்போது வலதுபக்கக் காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகள் தெரிந்தன. பிறகு வெள்ளைமணல், பிறகு கிண்ணியாப் பாலம். பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் யன்னல் முழுக்கத் தண்ணீர். ஒருபக்கம் குடா விரிந்து கிடக்க, மறுபக்கம் களப்பில் தோணிகள் அசையாமல் நின்றன. பாலத்தின் அந்தக் கரையில் ஷிபானா குடையோடு நின்றாள்.

பதினொன்றரைக்கு வளவுக்குள் போனோம். ஜெமீல் காக்கா கடைக்கான அத்திவாரக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அறுபதுக்குக் கிட்டிய, உயர்ந்த மனிதர். என்னை மரியாதையாக வரவேற்றுக் கதிரை எடுத்துப் போட்டார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது தெரிந்ததும் சிரித்தார். கோபமில்லாத, களைத்த சிரிப்பு.

"வாங்க தங்கச்சி, சாப்பிடுங்க, கடலப் பாருங்க. இத மட்டும் வுட்டுருங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள அது தன்ட கால்ல வெளிய போனா எனக்கும் சந்தோசம்தான். ஆனா போகாது."

அவருடைய சிகரெட்டை மட்டும் கேற்றுக்கு வெளியே அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

வண்டி வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெற்றோல் தாங்கி மேலே இருக்கிறது. அதன் அடியில் ஒரு சிறு ரப், பெற்றோலைத் திறந்து மூடும் திருகு. அதிலிருந்து ஒரு குழாய் இறங்கி, இரண்டு காபரேட்டருக்கும் நடுவில் உள்ள மூன்று வாய்ப் பித்தளை இணைப்பில் சேரும். அங்கிருந்து இருபக்கமும் பெற்றோல் பிரியும். பம்ப் ஒன்றும் இல்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல் பெற்றோல் தானாக இறங்க வேண்டும்.

பழைய குழாய் வெயிலில் காய்ந்த பாம்புச் சட்டைபோல் இருந்தது. இணைப்புக்குக் கிட்ட வெடித்துச் சொட்டியது. சூடான என்ஜினுக்கு மேல் பெற்றோல் சொட்டிய வண்டியை இவள் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறாள். கழற்றி எறிந்தோம். புதுக் குழாயை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கிளிப் போட்டு இறுக்கினோம். இரண்டாவது உதையில் என்ஜின் பிடித்தது. ஷிபானா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். நானும் பார்க்காததுபோல் இருந்தேன்.

மூன்று மணிக்கு அவள் ஓட்ட, நான் பின்னால் ஏறினேன். சந்தை, பள்ளிவாசல், பெற்றோல் நிலையம் எல்லாம் கடந்து பாலத்தில் ஏறினோம். நடுப்பாலத்தில் வண்டி விக்கியது. இன்னொரு முறை விக்கியது. நின்றது.

காற்று பலமாக வீசியது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. இருவரும் இறங்கித் தள்ளினோம். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தூண்டிலை வைத்துவிட்டு வந்து கைகொடுத்தார். வளவு வாசலுக்கு வந்ததும் ஷிபானா, "லொறிக்காரன வரச் சொல்லுவம், மாலினி. ஏலாது," என்றாள்.

வண்டி நின்றதற்குக் குழாய் காரணமில்லை என்றால் என் அறிவு அத்தோடு முடிந்தது. ஆனாலும் சும்மா இருக்க மனம் வரவில்லை. குழாயில் பெற்றோல் ஒழுங்காக வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன். தாங்கியின் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு பலகைத் துண்டை அடியில் கொடுத்தோம். குழாயின் கீழ்முனையைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு ரப்பைத் திறந்தேன். பெற்றோல் விரல் தடிப்பில் ஊற்றியது. குறை ஒன்றுமில்லை. ரப்பை மூடப் போனேன்.

அப்போது பலகை சறுக்கியது. தாங்கி 'டப்' என்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்த பெற்றோல் நூலாகி, பிறகு சொட்டாகியது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஷிபானா மெல்லத் தாங்கியைத் தூக்கினாள். ஊற்றியது. இறக்கினாள். சொட்டியது. மூன்றாம் முறையும் தூக்கி இறக்கினாள், நம்புவதற்காக. பிறகு நிலத்தில் படுத்து அடியில் பார்த்தாள்.

"மடிஞ்சிருக்குடி," என்றாள். "தாங்கி உக்காரக்குள்ள குழாய் மடிஞ்சி சப்பையாகுது. எல்லாரும் தூக்கி வெச்சிக்கிட்டுத்தானே பாத்தாங்க."

அதுதான் விசயம். பார்த்த ஒவ்வொருவரும் வசதிக்காகத் தாங்கியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். தாங்கி இறங்கியதும் சட்டத்துக்கும் அதற்கும் நடுவில் குழாய் நசிந்தது. காபரேட்டரில் சேர்ந்திருந்த பெற்றோல் மூன்று கிலோமீற்றருக்குக் காணும். அதற்குமேல் சொட்டுச் சொட்டாக வருவது என்ஜினுக்குப் போதவில்லை. நிறுத்திவைத்தால் மெல்ல நிரம்பியது.

மிச்சக் குழாயை மிகக் கவனமாகப் பயன்படுத்தினோம். நீளம் கூடினால் நடுவில் மேடு விழுந்து காற்று அடைக்கும், குறைந்தால் மறுபடி மடியும். முதல் துண்டு ஒரு விரற்கடை குறைந்துபோய் வீணானது. அடுத்ததைச் சட்டத்தின் வெளிப்பக்கமாகச் சுற்றி, வழி நெடுகப் பள்ளமாகவே இறங்கும்படி வைத்துப் பார்த்து அடையாளமிட்டு வெட்டினோம். புதுக் குழாய் விறைப்பாக இருந்ததால் பித்தளை இணைப்பின் மேல் ஏற மறுத்தது. ஷிபானா குசினியிலிருந்து தேத்தண்ணிக்கு வைத்த சுடுதண்ணியை எடுத்து வந்தாள். முனையைச் சற்று நனைத்துத் துடைத்துத் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு ஏறியது. தாங்கியை இருத்திவிட்டுப் போத்தலைப் பிடித்தோம். இருந்த இடத்தில் இருந்தபடியே பெற்றோல் ஊற்றியது. மாலையில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் கடைசிக் கிளிப்பையும் இறுக்கி முடித்தோம்.

அன்று இரவு ஷிபானா எள்ளுருண்டையைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவு சொன்னாள். லொறி வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. அந்தக் கந்தளாய் மனிதரின் வாசலுக்கு நாங்களே போவோம்.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்குப் புறப்பட்டோம். கிண்ணியாவிலிருந்து தம்பலகாமம் ஊடாகக் கந்தளாய்க்கு முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட வரும். ஜெமீல் காக்கா தடுக்கவில்லை. கயிற்றை லொறிக்குள் எறிந்துவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்தார்.

முதல் மூன்று கிலோமீற்றர் நாங்கள் மூச்சு விடவில்லை என்றே சொல்ல வேண்டும். ஷிபானாவின் தோள் கல்லுப்போல் இருந்தது. நான்காவது கிலோமீற்றர் வந்தது. ஐந்தாவது. என்ஜின் ஒரே சுருதியில் பாடியது. ஷிபானாவின் தோள் மெல்ல இறங்கியதை என் கையால் உணர்ந்தேன். இருபுறமும் வயல் திறந்தது. வெள்ளைக் கொக்குகள் வரம்பில் நின்றன, ஈர மண்ணின் மணம் வந்தது. தம்பலகாமத்தில் வேகத் தடை ஒன்றில் மெதுவாக்கியபோது பின்னால் லொறி ஹோர்ன் அடித்தது. காக்கா எங்களை முந்திக்கொண்டு போனார். திரும்பிப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். இல்லை. கந்தளாய் வரைக்கும் எங்களுக்கு முன்னால், வழியில் மாடு நின்றால் ஹோர்ன் அடித்து விலக்கிக்கொண்டு, பெரிய மனிதருக்கு வழி எடுப்பதுபோல் போனார்.

ஏழே முக்காலுக்குக் கந்தளாய். அந்த வியாபாரி ஒரு சிங்களவர், பெயர் சுனில். வீட்டு முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும், இதுதானே நான் ஏற்ற வேண்டிய வண்டி என்று கேட்டார். ஷிபானா தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வாயைத் திறந்தாள். அதற்குள் லொறியிலிருந்து இறங்கி வந்த காக்கா முந்திவிட்டார்.

"இது விக்கிறதுக்கில்ல மாத்தயா. என்ட தங்கச்சிட வண்டி."

சுனில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். குனிந்து என்ஜின் ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். இதை உடைத்திருந்தால் பாவம் சேர்ந்திருக்கும் என்று சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.

பிறகு குளக்கட்டில் போய் நின்றோம். கந்தளாய்க் குளம் காலை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஜெமீல் காக்கா தங்கைக்குக் கேட்கும்படி, ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னார், கடைச் சுவரை நாலடி உள்ளுக்குத் தள்ளிப் போடப் போவதாக. வண்டி நிற்க இடம் வேண்டுமாம். ஷிபானா குளத்தையே பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவும் இல்லை.

காக்கா அங்கிருந்தே ஊருக்குத் திரும்பினார். நாங்கள் பெரிய வீதியால் நாற்பது கிலோமீற்றர் ஓடி, பாலையூற்றைக் கடந்து திருகோணமலை நகருக்குள் வந்தோம். கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு அவள் என்னைப் பஸ் நிலையத்தில் இறக்கியபோது இரண்டு மணி. வவுனியா பஸ்ஸின் சாரதி யன்னலால் தலையை நீட்டி, எந்த வருடத்து வண்டி என்று விசாரித்தார். ஷிபானா இருந்த இருப்பிலேயே அவருக்குக் காபரேட்டர் இரண்டையும் காட்டி விளக்கினாள். பஸ் வெளிக்கிடப் பிந்தியது. யாரும் குறை சொல்லவில்லை.

யன்னலோரம் இருந்து யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வவுனியாவில் எந்த வீதியைப் பிடித்தாலும் அது இன்னொரு ஊருக்குப் போய்ச் சேரும், அங்கிருந்து வேறொன்றுக்கு. அதனால்தானோ என்னவோ, எங்களுக்குப் போவது என்றால் ஒரு வேலைக்காகப் போவதுதான். ஷிபானா இத்தனை வருடம் மருந்தகத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தவள். இன்று அவளுக்குப் போய்ச் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை, போக வீதி மட்டும் இருந்தது.

ஹொரவப்பொத்தானையைத் தாண்டும்போது தொலைபேசியில் ஒரு படம் வந்தது. புல்மோட்டைக் கரை. கறுப்புப் பொடி தூவியதுபோல் மினுங்கும் மணல். அதன் ஓரத்தில் ஸ்ராண்டில் சாய்ந்து நின்றது வண்டி. திருகோணமலையிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். கீழே எழுதியிருந்தாள்:

"ஒரு இடத்திலயும் நிக்கல்ல. கடல் வந்ததால நான்தான் நிப்பாட்டினன்."