மைதீன் பாய் முடிச்சிட்ட நூல்கள்

குற்றாலத்தில் சாரலில் பஸ்ஸுக்கு நின்றபோது மைதீன் பாயின் மகள் போன் செய்தாள். "மேடம், வாப்பா மவுத்தாயிட்டாவ." பாய் இறந்துவிட்டார். தென்காசியில் எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளராக இருந்தார், நான் துறைத்தலைவி. இந்த இரங்கல் கூட்டத்தில், அவரை அறிந்த உங்களிடம் இன்று ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடல் இல்லாத ஊரில் கடற்குதிரையின் சொந்தபந்தங்களைக் கண்ணாடிக் குப்பிகளில் வரிசையாக நிறுத்தியவர் அவர்தான். அந்தக் குடும்பத்தில் முட்டை சுமப்பது ஆண். வயிற்றில் வெறுமனே முட்டையை ஒட்டிக்கொண்டு திரியும் குழல்மீன் முதலில், தோல் மடிப்பால் மூடிக்கொள்வது அடுத்து, மூடிய பையோடு கடற்குதிரை கடைசியில். "நிமிந்து நின்னுட்டா சொந்தம் விட்டுப்போவுமா மேடம்? குதிரையும் குழல்மீன் வம்சந்தான்" என்பார். பின்னால் மரபணு ஆய்வுகள் வந்து அந்த வம்சத்தின் கிளைகளை இடம் மாற்றின. பாய் சொன்னது மட்டும் மாறவில்லை. நான் ஒரு மணி நேரம் இழுக்கிற பாடம் அந்த அலமாரி முன்னால் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். எனக்கு அதில் எரிச்சலும் உண்டு.

காகிதச் சீட்டு ஃபார்மலினில் ஊறிப்போகும் என்று, கடையநல்லூர்த் தறி நூலைக் குப்பிக் கழுத்தில் கட்டுவார். மீன் பிடித்த கடற்கரை ஊருக்கு முடிச்சுக் கணக்கு: ஒரு முடிச்சு தூத்துக்குடி, இரண்டு மண்டபம், மூன்று புன்னக்காயல். பிடித்த இடம் தெரியாத மீன் ஆய்வுக்கு அவ்வளவாக உதவாது.

கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வருவதற்கு முந்தின நாள் பாய் விடுப்பில் இருந்தார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அத்தனை நூலையும் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். குப்பிகளை உயரவாரியாக அடுக்கினேன். மறுநாள் குழுவில் ஒருவர் கேட்டார், "இந்தக் குழல்மீன் எங்கே பிடித்தது?" எனக்குத் தெரியவில்லை. கூசாமல் சொன்னேன்: "உதவியாளர் சரியாகக் குறித்து வைக்கவில்லை."

பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். "எங் கவனக்குறைவுதான் சார்" என்றார். அவருக்கு மெமோ போனது. கையெழுத்து என்னுடையது. அவர் ஓய்வுபெறும்வரை எத்தனையோ நாள் இருந்தது. நான் அதைத் திரும்பப் பெறவில்லை.

நேற்று பாய் வீட்டுக்குப் போனேன். "வாப்பா உங்கள ஒருநாளும் குறை சொன்னதில்ல மேடம். இதத்தான் பத்திரமா வச்சிருந்தாவ" என்று மகள் ஒரு பொட்டலத்தைத் தந்தாள். நான் குப்பையில் போட்ட நூல்கள். முடிச்சுகள் அவிழவில்லை. எது எந்தக் குப்பியுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா பாய்?

இன்று அலமாரியை அவருடைய பழைய வரிசைக்கே மாற்றினேன். நூல்களை நான் வைத்துக்கொண்டேன். முதல் குப்பியில் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "குழல்மீன். சேகரித்தவர் மைதீன். பிடித்த இடம் தெரியாது. நூலை அறுத்தது நான்." கீழே மெமோவில் போட்ட அதே கையெழுத்து.