நாலு ஜன்னல்காரி

என் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கப்பலில் சமையல்காரன், கடைக்குட்டி பள்ளிக்கூட டீச்சர், நடுவில் பிறந்தவள் இவள். கல்யாணம் அமையவில்லை. அதற்காக அவள் ஏங்கியும் நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு, "தனியா கிடந்து என்ன செய்யப் போறீங்க மாமா, கிளம்புங்க" என்று என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். அது ஆயிற்று ஒன்பது வருஷம்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஆஸ்பத்திரியில் எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று நர்சுக்குச் சொல்கிற புரோகிராம் எழுதும் கம்பெனி. பாதி நாள் வீட்டிலிருந்தே செய்வாள். கம்பெனி கொடுத்த திரை அகலமோ அகலம். அதை இடது பக்கம் மேலும் கீழும் இரண்டு, வலது பக்கம் மேலும் கீழும் இரண்டு என்று நாலாகப் பிரித்து, நாலு ஃபைலை ஒன்றாகத் திறந்து வைத்திருப்பாள். ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயரே நாலு ஜன்னல்.

"ஒண்ணு போதாதா பாப்பா? நாலையும் எதுக்கு முறைச்சுக்கிட்டு இருக்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க சட்டையோட முன்பக்கத்தை மட்டும் வெட்டி வெச்சுட்டு எழுந்து போயிருவீங்களா? இங்க ஒரு வரியை மாத்தினா அங்க எங்கயோ தையல் பிரியும் மாமா. பிரியறப்பவே கண்ணுல படணும்."

முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முதல் நாள் சாயங்காலமே தலைவலி என்று மாத்திரை போட்டுப் படுத்துவிட்டாள். காலையில் எழுந்து வரும்போது கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டாள். மேசையில் உட்கார்ந்து, "டீ எங்க மாமா?" என்றாள். டீ அவள் இடது கைப் பக்கம் ஆவி பறக்க இருந்தது.

"கண்ணைக் கழற்றி எங்க வெச்ச?" என்றேன். அவளும் சிரித்தாள். சிரிக்க வைத்தோமே என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

பதினோரு மணி இருக்கும். அவள் அறையிலிருந்து சத்தம். கூட வேலை செய்கிற பையனைப் போனில் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தாள். பையன் என்றால் நாற்பது வயது, எப்போதும் கடுகடு முகம். அவனை அவள் கூப்பிடுவதே முசுடு என்றுதான்.

"இடது பக்கம் இருந்த ரெண்டையும் மூடித் தொலைச்சது யாரு? நீ எதையாவது தொட்டியாடா?"

"உங்க வீட்டுத் திரையை நான் இங்கேருந்து எப்படிக்கா தொடுவேன்? எனக்கென்ன பத்து முழக் கையா இருக்கு?"

நான் போய்ப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். எண்ணத் தெரியாதா? நாலும் இருந்தது.

"எல்லாம் இருக்கே பாப்பா."

"விளையாடாதீங்க மாமா. ரெண்டுதான் இருக்கு."

அவள் கையைப் பிடித்து, விரலை இடது பக்க எழுத்தின் மேல் வைத்தேன். விரல் போன இடத்துக்கு முகமும் போனது. பார்த்தாள். முகத்தை வலப்பக்கம் திருப்பினாள். மறுபடி இடது. மறுபடி வலது.

"என் கையை விட்டுடாதீங்க மாமா" என்றாள்.

கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். மூளையின் பின்பக்கம் ஒரு ரத்தக்குழாய் அடைத்து, இரண்டு கண்ணுக்கும் இடது பாதி பார்வை போயிருந்தது. குடும்பத்தில் யாருக்காவது ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டார். நான் கடகடவென்று ஒப்பித்தேன். என் தாத்தா வயலில் விழுந்தது, அம்மாவுக்கு ஐம்பத்தெட்டில் வாய் கோணியது, பெரியம்மா, அவள் மகன், கடைசியில் இவளைப் பெற்ற என் அக்கா.

"இத்தனை பேரைச் சொல்றீங்க. இவங்களுக்கு எப்பவாவது பார்த்தீங்களா?"

யார் எந்தக் கிழமையில் செத்தார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும். அதில் அடுத்த பேர் இவளாக இருக்கலாம் என்று மட்டும் ஒருநாளும் நினைத்ததில்லை.

போன பார்வை வருவதானால் ஆறு மாதத்துக்குள் கொஞ்சம் வரும், வராமலும் போகலாம் என்றார்கள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழக்கினார்கள். மூன்றாம் மாதம் மறுபடி வேலையில் உட்கார்ந்தாள்.

"திருப்பினா தெரியுது மாமா. ஆனா திருப்பணும்னு தோணணுமே. எதுவுமே இல்லாத பக்கத்தை யாராவது திரும்பிப் பார்ப்பாங்களா?"

ஐந்தாம் மாதம் முசுடு வீட்டுக்கே வந்தான். ஒரே மருந்தை இரண்டு தடவை கொடுக்கவிடாமல் தடுக்கிற வரி ஒன்று. யாரோ சோதித்துப் பார்க்க அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். நிறுத்தியதற்கு அடையாளம் வரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு. இடது ஓரம். சரிபார்த்த இவள் அதைப் பார்க்காமல், எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டாள். ஆஸ்பத்திரிகளுக்குப் போவதற்குள் அவன் கண்ணில் பட்டிருக்கிறது.

"யாருக்கும் சொல்லலைக்கா. இனிமே நீங்க பார்க்கிறதை நான் இன்னொரு தடவை பார்த்துடறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நான் இருக்கிற வரைக்கும்."

"உனக்குக் காய்ச்சல் வந்தா?"

அதற்கு நான் முந்திக்கொண்டேன். "நானும் பக்கத்துல உட்கார்றேன் பாப்பா. கோடு தெரிஞ்சா சொல்றேன்" என்றேன்.

"என் வேலை போயிடுமேன்னு நீங்க ரெண்டு பேரும் பார்க்கறீங்க. ரெண்டு ஊசியையும் வாங்கிட்டுக் கிடக்கப்போறவனை யாரு மாமா பார்க்கிறது?"

அன்றைக்கே மேலதிகாரிக்குத் தன் கையாலேயே எல்லாவற்றையும் எழுதினாள், அந்த இரண்டு கோட்டையும் சேர்த்து. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் சந்தேகங்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை கொடுத்தார்கள். நல்ல மனுஷர்கள்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தோஷப்படவும் இல்லை.

திரையை எடுத்துப்போக முசுடுதான் வந்தான். அவள் அவனைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று ஒவ்வொரு ஃபைலாக விளக்கினாள். இடது பக்கத்தில் எத்தனையாவது வரியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சொன்னாள். ஒன்றும் தப்பவில்லை. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வேகமா சொன்னா எப்படி எழுதிக்கிறது" என்று சிடுசிடுத்தான்.

"முடிஞ்சுது. நீயே மூடிடு. நான் மூடினா ஒண்ணை விட்டுடுவேன்."

அவன் ஒன்றை மூடினான். பக்கத்தில் இருந்தது விரிந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. இன்னொன்றை மூடினான், மீதி இன்னும் விரிந்தது. போனவர் இடத்தைத் திரை தானே நிரப்பிக்கொள்கிறது. கண்ணுக்கு அந்த வித்தை தெரியவில்லையே என்றுதான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரே ஒரு ஃபைல் திரை முழுக்க நின்றது.

"இரு" என்றாள்.

குனிந்து, முகத்தை இடது ஓரம் வரை திருப்பி, வரி எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பிடித்து, அங்கிருந்து மெல்ல வலப்பக்கம் வந்தாள். அடுத்த வரிக்கு மறுபடி இடது ஓரம். அப்படியே கடைசி வரி வரை.

"ம். மூடு" என்றாள்.