மூன்றாவது மடிக்கணினியில் கேட்ட குரல்

பினாங்கில் படிக்கும் மகன் சில நாட்களாகக் கூப்பிடவில்லை; குரல் பதிவு மட்டும் அனுப்புகிறான். மனம் நிலைகொள்ளவில்லை. அவன் பேச்சு தெளிவாகக் கேட்கும் மடிக்கணினி வேண்டுமென்று கோல சிலாங்கூர் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி மூன்று பிராண்டுகளில் ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டார்.

"இது ஸ்பீக்கர் செம லா, அண்ணே!"

எனக்கு எல்லாமே இரைச்சல்தான்.

சின்ன வயதில் நாங்கள் இருந்த தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளுக்கு நடுவிலிருந்த சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுப் பேச்சு, தாளிக்கிற வாசத்தோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கும். அம்மா திடீரென்று வானொலியைக் குறைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கேட்பார்.

"என்ன மதினி, குரலு கம்மியிருக்கு? காய்ச்சலா?"

"ஒண்ணுமில்லடி. ஒனக்குப் பாம்புக் காது!"

"பொய் சொல்லாதீங்க. கஞ்சி கொண்டாரேன்."

கடைக்காரத் தம்பியிடம் பாட்டை நிறுத்தச் சொன்னேன். காலையில் மகன் அனுப்பிய குரல் பதிவைக் கூச்சத்தோடு கொடுத்தேன். தம்பி அதை மூன்றிலும் போட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன்பா. பரீட்சை, அதான் கூப்பிடல."

முதல் இரண்டில் சொற்கள் மட்டும் கேட்டன. மூன்றாவதில், பேசுமுன் அவன் விம்மலை விழுங்குவதும் கேட்டது.

"இதையே எடுத்துக்கிறீங்களா, அண்ணே?"

"பினாங்கு பஸ் எத்தனை மணிக்கு, தம்பி?" என்றேன்.