சட்டைப் பையின்மேல் என் பெயர்

இன்று காலை பூசை முடிந்து, நெற்றி நீற்றின் ஈரம் உலராத நேரத்தில் வாசல் மணி ஒலித்தது. கதவைத் திறந்தால் வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்த இரண்டு இளைஞர்கள். சட்டைப் பையின்மேல் கறுப்புப் பெயர்ப்பட்டை. கலிஃபோர்னியாவின் பிளசன்டன் வெயில் அவர்கள் கன்னங்களைச் சிவக்க வைத்திருந்தது. மார்மன் என்னும் கிறித்தவச் சபையின் பிள்ளைகள், சமயம் பரப்ப வந்தவர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், இரண்டு தம்ளர் காபி கலந்து எடுத்து வந்தேன். நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது, அவர்களுக்குக் காபியும் தேநீரும் விலக்கு என்று. முதுமையில் அறிவு கழன்றுபோய்ப் பழக்கம் மட்டும் மிஞ்சும் என்பதற்கு நானே சான்று. தண்ணீர் குடித்து, நன்றி சொல்லிப் போனார்கள். ஆறிக்கொண்டிருந்த காபியின் மணம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில், இதே மணம் நிறைந்த ஒரு காலையில்தான், என் மகன் எங்களைவிட்டு விலகத் தொடங்கியது தெரியவந்தது.

செந்தில் நான்கு வயதில் எங்களோடு இந்நாட்டுக்கு வந்தவன். சனிக்கிழமைகளில் எங்கள் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பதிகம் சொல்லிக்கொடுப்பேன். மற்ற பிள்ளைகள் பீட்சா எப்போது வரும் என்று வாசலைப் பார்த்தபடி பாடும். பண் பிசகாமல் பாடியவன் அவன் ஒருவனே. என் தலை நிமிர்ந்தே இருந்தது. அடியவர் செருக்கை ஆண்டவன் அடக்கிய கதைகள் எத்தனையோ அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவை என்னைப் பற்றியவை என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

கல்லூரியில் சேர்ந்து, விடுமுறைக்கு வந்திருந்தவன், அம்மா நீட்டிய தம்ளரை மெல்ல விலக்கினான். “வேணாம்மா. இனிமே காபி வேணாம்.” வயிற்றில் ஏதோ கோளாறு என்று நினைத்து அவள் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் தேநீரும் வேண்டாம் என்றான். அதன் பிறகுதான் மெதுவாகச் சொன்னான்: அறைத்தோழனோடு போகத் தொடங்கிய மார்மன் சபையில் ஞானஸ்நானம் பெற்றுவிட்டானாம். சபை எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் இரண்டு ஆண்டு ஊழியத்துக்குப் போகப்போகிறானாம்.

நம்மிடம் என்ன குறை கண்டாய் என்று கேட்டேன். அவன் வாதாடவில்லை.

“நீங்க பாடறப்போ உங்க கண்ணுல தண்ணி வரும்ப்பா. எனக்கு அது வந்ததே இல்ல. ட்யூன் மட்டும்தான் வந்துச்சு. அங்க ப்ரே பண்ணும்போது வந்துச்சு.”

இதற்கு மறுமொழி தேடி, நான் கற்ற நூல்களை அன்றிரவு புரட்டினேன்.

அந்நாளில் குபெர்டினோவில் என் அலுவலகம். பாளையங்கோட்டை செல்வராஜும் நானும் ஒரே காரில் போவோம். அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் கிறித்தவர். ஃப்ரீவேயில் வண்டிகள் நகராமல் நின்ற ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர், “எங்க சபைக்கு வந்திருந்தாலாவது பையனுக்குக் காபி கிடைச்சிருக்கும், அண்ணாச்சி,” என்றார். சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தபோதே குரல் உடைந்துவிட்டது. அவர் ரேடியோவின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

அவனுக்கு விதித்த நாடு சிலி. யூட்டாவில் இருந்த பயிற்சி நிலையம்வரை பெற்றோர் போய் விட்டுவரலாம். நான் வரவில்லை என்றேன். “பிள்ளைய வழியனுப்பறதுக்குச் சாமிகிட்ட பர்மிஷன் கேக்கணுமா?” என்றாள் மனைவி. போனோம். உள்ளே நுழைந்ததும் அவன் சட்டைப் பையின்மேல் கறுப்புப் பட்டையைக் குத்தினார்கள். படித்தேன். எல்டர் நமசிவாயம்.

நமசிவாயம் நான்.

நமக்குக் குடும்பப் பெயர் ஏது? விசா வாங்கும்போது அப்பன் பெயரை மகன் பெயரின் பின்னால் எழுதினோம். அதுவே அவனுக்கு இந்நாட்டில் குடும்பப் பெயராக நிலைத்தது. ஊழியக்காரர்களைக் குடும்பப் பெயரால் மட்டுமே அழைப்பது அவர்கள் மரபு. எல்டர் என்றால் மூத்தவர். மீசையை மழித்துக்கொண்ட அந்த மூத்தவரின் நெஞ்சில், என் அப்பா எனக்கு இட்ட ஐந்தெழுத்துப் பெயர். பட்டையில் செந்தில் இல்லை, நான் இருந்தேன்.

சிறிய கூட்டம், ஒரு பாட்டு. பிறகு, குடும்பத்தினர் இந்தக் கதவு வழியாகவும் ஊழியக்காரர் அந்தக் கதவு வழியாகவும் போகலாம் என்று அறிவித்தார்கள். என் பையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. பூசினால் அவனுக்குச் சங்கடம், பூசாவிட்டால் எனக்கு. அதற்குள் அவன் என்னைக் கட்டிக்கொண்டு, “உங்க பேரைக் கெடுக்க மாட்டேன்ப்பா,” என்று சொல்லிவிட்டு அந்தக் கதவுக்குள் போனான். பொட்டலம் என் விரல்களுக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக்குத் தொலைபேசியில் பேச அன்னையர் தினத்திலும் கிறிஸ்துமஸிலும் மட்டுமே அவர்களுக்கு அனுமதி. சிவபூசை நடக்கும் வீட்டில் கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று காத்திருந்தோம். சமையலறைச் சுவரில் மாட்டிய ஃபோனின் சுருள் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு அவன் அம்மா பேசினாள், சிரித்தாள், அழுதாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

“அப்பா, இங்க எல்லாரும் என்னை எல்டர் நாமான்னு சுருக்கிட்டாங்க. ஒரு பேக்கரிக்காரர் மட்டும் முழுசாச் சொல்வார். நாங்க பேசப் போனா கதவைச் சாத்திடுவார். ஆனா ரோட்டுல பாத்தா அந்தப் பக்கத்துலேர்ந்தே, நமசிவாயம்னு கத்துவார். காலைல நீங்க பூஜை பண்ற மாதிரியே இருக்கும்ப்பா.”

அறியாமல் ஓதினாலும் ஐந்தெழுத்து பயன் தரும் என்று நம்புகிறவன் நான். கடல் கடந்த ஒரு தெருவில், ரொட்டி சுடும் ஒருவரை நாள்தோறும் அதைச் சொல்ல வைத்திருக்கிறான் என் மகன், வேறொரு சமயத்தைப் பரப்பப் போன இடத்தில். இது திருவருளா, தோற்றவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெளியவில்லை. “நல்லாச் சாப்பிடறியா?” என்று மட்டும் கேட்டேன்.

ஊழியம் முடிந்து திரும்பி வந்தான். சில ஆண்டுகளில், சத்தமில்லாமல் அந்தச் சபையையும் விட்டான். நம்மிடம் திரும்புவான் என்று அவன் அம்மா விளக்கேற்றிப் பார்த்தாள்; திரும்பவில்லை. “இப்ப எதுலயும் இல்லப்பா. ஐ’ம் ஓகே,” என்றான். சுவர் ஃபோன் போயிற்று. அதன் கம்பியை விரலில் சுற்றியவளும் போய்விட்டாள். இன்று எந்த நாளிலும் பேசலாம். அதனால் எப்போதாவது பேசுகிறோம். டெக்ஸஸில் அவன் பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயர் நமசிவாயம்தான். பள்ளியில் ‘நாமா’ என்கிறார்களாம். முழுதாகச் சொல்ல அங்கே ஒரு ரொட்டிக்காரர் இல்லை.

அவன் சிலியில் இருந்த நாள்களில், விடியலில் நான் இங்கே பாடும்போது, அவனும் எங்கோ ஓர் அறையில் மண்டியிட்டு அழுதுகொண்டிருப்பான் என்று எண்ணுவேன். அந்த எண்ணம் அன்று என்னைச் சுட்டது. இன்று சுடுவதற்கு அதுவும் இல்லை.

சென்ற முறை வந்தபோது அவனுக்குக் காபி கலந்து கொண்டுபோனேன். தம்ளரை நீட்டிவிட்டு, வேண்டாம் என்று சொல்லமாட்டானா என ஒரு கணம் காத்து நின்றேன். வாங்கிக் குடித்தான்.