வாழைச்சேனை பஸ்ஸில் கணவனோடு ஒரு சண்டை

ஒடிஷனுக்கு நடித்து அனுப்பும் வீடியோவுக்கு இன்றுதான் கடைசி நாள்.

வெளிநாட்டுக்குப் போன கணவன் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்பது ஒரு மனைவிக்குப் போனில் தெரியவருகிறது. அந்த மனைவி நான். எனக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை.

போன தடவை வேறொரு படத்துக்கு அனுப்பியபோது, "நம்புற மாதிரி இல்ல" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இந்த முறையும் அதே பதில் என்றால், பேசாமல் ரியூஷன் வகுப்பு எடுக்கப் போய்விடுவது என்றிருந்தேன்.

வீட்டில் ஒத்திகை பார்க்க இடமில்லை. பஸ்ஸில் போனைக் காதில் வைத்துக்கொண்டு வசனம் பேசிப் பார்ப்பேன். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இன்று, "அப்ப நானும் புள்ளையும் எங்க போற?" என்று கேட்டதும் நிஜமாகவே கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. பக்கத்து சீற்றில் இருந்த, முக்காடு போட்ட, அக்கா வயது ராத்தா ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"போனைக் கட் பண்ணுங்க தங்கச்சி. அவன்ட்டப் போய்க் கெஞ்சாதீங்க."

"ஐயோ ராத்தா, இது நடிப்பு."

"ஓம், எல்லாரும் இப்பிடித்தான் சொல்லி மறைக்கிற."

ஏறாவூரில் இறங்கும்போது தன் தண்ணீர்ப் போத்தலை என் மடியில் வைத்தார்.

"போக இடமில்லாட்டி புள்ளையத் தூக்கிட்டு எங்கட ஊட்ட வாங்க. பள்ளிவாசலுக்குப் பின்னால, பச்சைக் கேற் போட்ட ஊடு."

மட்டக்களப்பில் இறங்கி, வாவிக்கரையில் நின்று ஒரே மூச்சில் நடித்து அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. ஆனாலும் ரியூஷன் யோசனையைக் கைவிட்டுவிட்டேன்.

ஏறாவூர் ஆட்கள் யாராவது அந்த ராத்தாவைக் கண்டால் சொல்லிவிடுங்கள்: நானும் இல்லாத பிள்ளையும் நலம்.