சின்னப் பிடி

மருமகள் பாத்திரத்தில் அரிசியைக் கொட்டினாள். அந்தச் சரசரப்பைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திருவிதாங்கூர் ராஜா காலத்தில் உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனிப்பானையில் போடுவாள். ஒரு வருஷம் பேய்க்காற்றில் எங்கள் வாழை முழுவதும் சாய்ந்தது. அப்பா அடுக்களைக்கு வந்து, "இனி பிள்ளை போடட்டு. கர்த்தருக்கு ஒரு பிடிதானே? யாருக்க பிடியா இருந்தா என்ன?" என்றார். என் பிடி ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூடக் காணாது.

அம்மா சரியென்று தலையாட்டினாள். அப்பா தலை மறைந்ததும், "இன்னும் போடு மக்கா" என்பாள். நானும் விளையாட்டாகப் போட்டுக்கொண்டே இருப்பேன்.

மாதக் கடைசியில் பானை எப்போதும்போல நிறைந்திருந்தது. அப்பா அசந்துபோனார். கஷ்டத்திலும் கர்த்தர் சின்னக் கையை ஆசீர்வதித்தார் என்று கோயிலில் எழுந்து கண்ணீரோடு சாட்சி சொன்னார். அம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் சிரித்தது பக்கத்திலிருந்த எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் அப்பாவே அடுக்களைக்கு வந்தார். "கர்த்தர்கிட்ட நான் கணக்குப் பாத்துட்டேன். இனி எனக்க கையாலதான்" என்று, மண்வெட்டி பிடித்துக் காய்த்த இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்.

அம்மா பதறிப்போனாள். "போதும், போதும்! நமக்குச் சோறு பொங்கண்டாமா?"

வாழை மறுபடி குலை தள்ளும்வரை எங்களுக்குக் கஞ்சிதான்.

"எதுக்கு மாமி சிரிக்கிய?" என்றாள் மருமகள்.

"உனக்க மாப்பிள்ளைக்கு அவனுக்க தாத்தாவுக்க கை, மக்கா. அரிசிப் பக்கம் விட்டுராத" என்றேன்.