மரியஅந்தோணி விட்ட நாலு சொட்டு

திங்கட்கிழமை காலை பத்தேமுக்காலுக்குச் செய்தி வந்தது. ஷ்யாமளா அப்போது விலங்கியல் துறைத் தலைவரின் அறை வாசலில் நின்றிருந்தாள், சோதனைக்கூட உதவியாளர் மரியஅந்தோணியைப் பற்றிப் புகார் சொல்வதற்காக. பியூன் பூலோகம் மூச்சிரைக்கப் படியேறி வந்தான்.

“நம்ம அந்தோணியண்ணன் போயிட்டாரும்மா. ரயில் டேசன் படியில நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தவருதான், எந்திரிக்கல.”

அவள் உள்ளே போகாமல் திரும்பினாள். அவர் வேண்டுமென்றேதான் தன் ஸ்லைடுகளைக் கெடுத்தார் என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை.

மரியஅந்தோணி தூத்துக்குடிக்காரர். வீடு லேபர் கேம்ப் குடிசைப் பகுதியில். மாட்டுங்காவிலிருந்த அந்தக் கல்லூரிக்குக் கூட்டிப் பெருக்க வந்தவர், கொஞ்ச காலத்தில் மெழுகில் பதித்த ஈரலைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவும் ஆளாகிவிட்டார். சீவுகிற கத்தியை யாரையும் தொடவிடமாட்டார். யாராவது எடுத்தால் தெரியும்படி ஸ்பிரிட் பாட்டிலில் மட்டம் குறித்து நூல் கட்டி வைப்பார். மைக்ராஸ்கோப்பில் தெரிவதைக்கூட நம்பமாட்டார். நியூக்ளியஸ் ஒன்றுதான் நிஜம், மற்றதெல்லாம் சாய அழுக்கு என்பார்.

அவள் ஆராய்ந்தது அந்த ‘அழுக்கை’த்தான்: எலி ஈரலின் மைட்டோகாண்ட்ரியா. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இழையாகவும் மணியாகவும் கிடந்து, உணவை எரித்துச் சக்தி தருகிற துணுக்குகள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வெளிநாட்டார் எடுத்த படங்களில் அவற்றின் இரட்டைச் சுவரும், உட்சுவர் மடிந்து மடிந்து கிடப்பதும் தெரிந்தன. அவளுக்குச் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிந்தாலே போதும். ஆனால் அவள் ஸ்லைடுகளில் நியூக்ளியஸ் பளிச்சென்று இருந்தது, சுற்றிலும் ஒன்றுமில்லை. தசராவுக்குள் காட்டாவிட்டால் எம்.எஸ்ஸி. ஒரு வருஷம் தள்ளிப்போகும். கல்யாணத்தை இன்னொரு வருஷம் தள்ளிப்போட அப்பா சம்மதிக்கமாட்டார்.

எலிக் கூண்டில் தண்ணீர் வைக்கவில்லை என்று ஜூன் மாதம் அவள் தலைவரிடம் சொல்லப்போய் மரியஅந்தோணி திட்டு வாங்கியிருந்தார். அதற்குத்தான் பழிவாங்குகிறார் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. ஈரலைப் பதப்படுத்த அவர் கலந்து வைத்திருந்த பாட்டிலை ஒருநாள் திறந்து மோந்தாள். பைகுரோமேட்டும் பார்மலினும் மட்டுமே இருக்கவேண்டியதில் வினிகர் நெடி. அசெட்டிக் அமிலம், மைட்டோகாண்ட்ரியாவைக் கரைத்துவிடும். அமிலமில்லாமல் தானே கலந்து, தட்டுத்தடுமாறிச் சீவிப் பார்த்தாள். செல்லுக்குள் சிவப்பு இழைகள் மொய்த்துக் கிடந்தன.

சனிக்கிழமை மத்தியானம் கேட்டேவிட்டாள்.

“இதுல அசெட்டிக் ஆசிட் விட்டது யாரு?”

“நாந்தாம்மா. அப்பத்தான நியூக்ளியஸ் தெளியும்? வார எக்ஸாமினருவ அதத்தான பாக்காவ. எல்லாருக்கும் ரெண்டு சொட்டு, ஒங்களுக்கு நாலு. நல்லது செஞ்சா இங்க லஃப்டாதான், வம்புதான்.”

“நல்லதா? எலிக் கூண்டு விஷயத்தை நீங்க மறக்கலை.”

“எலியா?” அவர் சிரித்துவிட்டார். “ஒங்களுக்கு இந்தப் படிப்பு எதுக்கும்மா, பேசாம போலீசுல சேந்துருங்க.”

அவள் தன் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு விலகி நின்றாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அழுக்குன்னா செல்லுக்கு வெளியயுமுல்லா கெடக்கணும்,” என்று முணுமுணுத்தார். பிறகு கத்தியைத் துடைக்கப் போய்விட்டார். அதுவும் நடிப்பு என்றே அவளுக்குப் பட்டது.

இப்போது சோதனைக்கூடத்தில் அவருடைய மேஜைக்குப் போனாள். அந்தப் பாட்டில் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. தடயத்தை அழித்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கத்தில் ஒரு புதுப் பாட்டில் நிறையக் கலவை. திறந்து மோந்தாள். மறுபடியும் மோந்தாள். வினிகர் நெடி இல்லை.

கத்தியருகே கண்ணாடி மூடிக்குள் ஒரு மெழுகுக் கட்டி இருந்தது. அவளே பதப்படுத்திய ஈரலில் மிச்சம். சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபிறகு அவளுடைய தட்டிலிருந்து அவர் எடுத்திருக்கவேண்டும். சீவுமுன் கட்டியின் நாலு பக்கமும் மெழுகைச் செதுக்கி நேராக்குவது அவர் வழக்கம். மூன்று பக்கம் செதுக்கியிருந்தார்.